மதுரை பஸ்ஸில் விழுங்கக் கூடாத மாத்திரை

காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் மதுரைக்குக் கிளம்பும் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் சிலரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பழைய ரிப்போர்ட்டுகள் அடைத்த ஃபைல், தண்ணீர் பாட்டில், சின்ன மாத்திரை டப்பா. கிட்னி மாற்றிக்கொண்டவர்கள். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறார்கள். பஸ் திருப்பத்தூரைத் தாண்டி மேலூரை நெருங்கும்போது மாத்திரை நேரம் வந்துவிடும். டப்பாவைத் திறந்து ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிடுவார்கள். நேரம் தவறாமல் மருந்து சாப்பிடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் அதே பழக்கம் பரிசோதனையைக் கெடுத்துவிடுகிறது.

'லெவல்' பார்ப்பது என்று நாம் சொல்கிறோமே, அது அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்னால் ரத்தத்தில், மாற்றிய சிறுநீரகத்தைக் காக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது. முந்தின ராத்திரி 9 மணிக்குச் சாப்பிட்டிருந்தால் காலை 9 மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும். விழுங்கிய ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் இந்த மருந்து ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும். மேலூரில் விழுங்கிவிட்டு மதுரையில் ரத்தம் கொடுத்தால் காகிதத்தில் வருவது அந்த உச்சத்தின் கணக்கு. அதைப் பார்க்கும் டாக்டர் மருந்து அதிகம் என்று நினைத்து அளவைக் குறைக்கக்கூடும். உண்மையில் அது அதிகமாக இருந்திருக்காது. அடுத்த சில வாரங்கள் அந்தச் சிறுநீரகம் போதிய காவல் இல்லாமல் இருக்கும்.

ஆகவே ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரை பையிலேயே இருக்கட்டும். ரத்தம் கொடுத்த கையோடு விழுங்குங்கள். லேபில் எத்தனை மணிக்கு ரத்தம் எடுப்பார்கள் என்று முன்னாலேயே கேட்டு, முந்தின ராத்திரி மாத்திரையை அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக மாத்திரை சாப்பிட்ட நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி லேபில் கொடுத்துவிடுங்கள். இது டாக்ரோலிமஸ் கேப்ஸ்யூலை ஒரு நாளைக்கு இரண்டு வேளை சாப்பிடுகிறவர்களுக்கு. ஒரே வேளை மருந்து எடுக்கிறவர்களுக்குக் கணக்கு இருபத்துநான்கு மணி நேரம்.

28 வருடமாக இந்த ஊரில் மருந்துக்கடையில் நிற்கிறேன். எத்தனையோ மருந்துகளைக் கைமாற்றிக் கொடுத்திருக்கிறேன். இதைப்போல நேரமும் அளவும் துணைமருந்தும் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்துகள் சிலவே. ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று தெரிந்துகொண்டவர்கள்தான் வருடக்கணக்கில் தவறாமல் சாப்பிடுகிறார்கள் என்பது என் அனுபவம். அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நம் ரத்தத்தில் டி செல் என்று ஒருவகை வெள்ளை அணு சுற்றிக்கொண்டிருக்கிறது. உடம்புக்குள் அந்நியமாக ஏதாவது வந்தால் அடையாளம் காண்பது அதன் வேலை. கிருமியும் அதற்கு அந்நியம். பெற்ற தாய் கொடுத்த சிறுநீரகமும் அதற்கு அந்நியம்தான். அடையாளம் கண்ட உடனே அது பாய்ந்துவிடுவதில்லை. அதற்குள் ஒரு நீண்ட உத்தரவு வரிசை நடந்தாக வேண்டும். அந்த வரிசையை நடத்துகிறவை நொதிகளும் அயனி வாசல்களும். நொதி என்று பள்ளிப் புத்தகத்தில் படித்ததைத்தான் டாக்டர்கள் என்சைம் என்கிறார்கள்.

அயனி காரைக்குடிக்குப் புதிய சொல் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட நம்ம ஊர் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியின் வேலையே அயனிகளோடுதான். மின்சுமை ஏறிய அணு, அவ்வளவுதான் அயனி. பேட்டரிக்குள் அது நகர்ந்தால் விளக்கு எரிகிறது. டி செல்லுக்குள் நகர்ந்தால் அந்த செல் விழித்துக்கொள்கிறது.

நம் பக்கத்து வளவு வீடு ஒன்றை மனதில் வையுங்கள். தெருவில் கால்சியம் நிரம்பிக் கிடக்கிறது. வீட்டுக்குள் இருப்பதைப்போல ஏறக்குறைய 10,000 மடங்கு. வாசல் கதவு சாத்தியிருக்கிறது. வீட்டுக்குள் ஒரு களஞ்சிய அறையில் மட்டும் கொஞ்சம் கால்சியம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். டி செல் அந்நியத்தைக் கண்டதும் எல்சிகே, சாப்-70 முதலான நொதிகள் ஒன்றையொன்று தட்டி எழுப்பி, கடைசியில் அந்தக் களஞ்சியத்தைத் திறந்துவிடுகின்றன. களஞ்சியம் காலியாவதைக் கவனித்துக்கொண்டே இருப்பதற்கு அங்கே ஒரு காவலாள் உண்டு, ஸ்டிம்-1 என்று பெயர். காலியானதும் அவன் வாசல் பக்கம் போய்க் கதவைத் திறக்கச் செய்கிறான். அந்தக் கதவுக்கு ஒராய்-1 என்று பெயர். கிரேக்கப் புராணத்தில் சொர்க்கவாசலைக் காக்கும் தேவதைகளின் பெயர் அது. கதவு திறந்ததும் தெருவிலிருக்கும் கால்சியம் உள்ளே பாய்கிறது.

அந்தக் கதவு எது என்று கண்டுபிடித்தது 2006-ல்தான். ஹார்வர்டில் அஞ்சனா ராவ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். பிறவியிலேயே நோய் எதிர்ப்பு இல்லாத குழந்தைகளின் டி செல்களை ஆராய்ந்தபோது, அந்தக் கதவின் மரபுக்குறிப்பில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. ஓர் எழுத்து மாறியதில் கால்சியம் உள்ளே வர வழியில்லாமல் போய், டி செல்கள் இருந்தும் பயனில்லாமல் போயிருக்கின்றன. அந்த ஒரு கதவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு வாசலும் உண்டு. கால்சியத்தோடு நேர்மின் சுமையும் உள்ளே வருவதால் கொஞ்ச நேரத்தில் உள்ளே நெரிசல் ஏறி, மேற்கொண்டு வருவதைத் தள்ளிவிடும். அப்படி ஆகாமல் பொட்டாசியத்தை வெளியே விட்டுச் சமன் செய்ய ஒரு வாசல் வேண்டும். டி செல்லில் அப்படி ஒரு பொட்டாசிய வாசல் இருப்பதை 1984-ல் கலிஃபோர்னியாவில் கண்டு சொன்ன குழுவில் ஜார்ஜ் சாண்டியும் ஒருவர். அவர் மருத்துவம் படித்தது நம் வேலூர் சிஎம்சியில். இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-ல் நடந்ததும் அதே சிஎம்சியில்தான். டி செல்லைத் தூங்கவைக்க இந்தப் பொட்டாசிய வாசலை மூடும் மருந்துகளை இப்போது சோதித்துப் பார்க்கிறார்கள். இன்னும் கடைக்கு வரவில்லை. நம் கையில் உள்ள மருந்துக்கு வருவோம்.

உள்ளே வந்த கால்சியம் கால்சிநியூரின் என்ற நொதியை உசுப்பிவிடுகிறது. டி செல்லுக்குள் என்ஃபேட் என்று ஓர் ஓலைக்காரன் இருக்கிறான். மேலெல்லாம் பாஸ்பேட் என்ற அரக்கு முத்திரை ஒட்டியிருப்பதால், உட்கரு என்னும் உள்ளறைக்குள் அவனை விடமாட்டார்கள். கால்சிநியூரின் அந்த முத்திரைகளைக் கழற்றிவிடுகிறது. அவன் உள்ளறைக்குப் போய் 'படை திரட்டு' என்ற மரபுக்குறிப்பைத் திறந்துவிடுகிறான். ஒரு டி செல் ஆயிரமாகப் பெருகுவது அதற்குப் பிறகுதான். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வாசல் ஒரு நிமிஷம் திறந்து மூடினால் போதாது. மணிக்கணக்கில் திறந்தே இருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால்தான் ஓலைக்காரன் உள்ளறையில் தங்குவான். வரத்து நின்றால் வெளியே வந்துவிடுவான்.

டாக்ரோலிமஸ் பிடிப்பது இந்தக் கால்சிநியூரினைத்தான். சைக்ளோஸ்போரினும் அதையேதான் பிடிக்கிறது. இரண்டுமே மண்ணிலிருந்து வந்தவை. சைக்ளோஸ்போரின் நார்வே மலைமண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து. 1983-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்த பிறகு உறுப்பு மாற்று சிகிச்சையின் போக்கே மாறியது. டாக்ரோலிமஸ் 1984-ல் ஜப்பானில் ட்சுகுபா மலையடிவார மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து. இவை எந்த நொதியைப் பிடிக்கின்றன என்பது 1991-ல்தான் தெரியவந்தது. அதுவரை பலன் தெரிந்து கொடுத்தார்கள், வழி தெரியாமல்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. இந்த மருந்து டி செல்லைக் கொல்லுவதில்லை. ஒரே ஒரு நொதியைப் பிடித்து வைத்திருக்கிறது. பிடி தளர்ந்தால் வரிசை மறுபடி ஓட ஆரம்பிக்கும். "அஞ்சு வருஷம் ஆச்சு தம்பி, க்ரியாட்டினின் நல்லா இருக்கு. இனிமே எதுக்கு இத்தனை மாத்திரை?" என்று ஓர் ஆச்சி கேட்டார்கள். க்ரியாட்டினின் நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான் ஆச்சி என்றேன். ஐந்து வருஷமோ பதினைந்து வருஷமோ, டி செல்லுக்கு அந்தச் சிறுநீரகம் சொந்தமாகிவிடுவதில்லை. செலவு தாங்காமல் இரண்டு வேளையை ஒரு வேளையாக்கிக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். செலவைக் குறைக்க அவர்களுக்கு வழிகள் தெரியும். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்களுக்கு என்ன கிடைக்கும், அரசு மருத்துவமனையில் மருந்தாக எது கிடைக்கும் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். 2008-ல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி மூளைச்சாவடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தது முதல் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டிருக்கின்றன. 2023 செப்டம்பர் முதல் உறுப்பு தந்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. அப்படி வந்த ஒரு சிறுநீரகம் மாத்திரைச் செலவால் வீணாகக் கூடாது.

கால்சிநியூரின் டி செல்லில் மட்டும் இருக்கும் நொதி இல்லை. மூளையில் ஏராளமாக இருக்கிறது. கால்சியத்தையும் நியூரானையும் சேர்த்துத்தான் 1979-ல் அதற்குப் பெயரே வைத்தார்கள். கணையத்தில் உண்டு, சிறுநீரகத்திலும் உண்டு. மருந்து அங்கெல்லாமும் போகும். கை நடுங்குவது, புதிதாகச் சர்க்கரை வருவது, ரத்த அழுத்தம் ஏறுவது, பொட்டாசியம் கூடுவது எல்லாம் அதனால்தான். டம்ளர் பிடிக்கும் கை திடீரென்று அதிகமாக நடுங்கினால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். லெவல் ஏறியிருக்கலாம். ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள். இளநீர் விஷயமும் இதில்தான் வருகிறது. உடம்புக்குக் குளிர்ச்சி என்று நாம் நம்பிக் குடிக்கும் இளநீரில் பொட்டாசியம் நிறைய. இந்த மருந்தோ பொட்டாசியத்தை வெளியேறவிடாமல் நிறுத்தும். இரண்டும் சேர்ந்து ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். உங்கள் பொட்டாசியம் எவ்வளவு, இளநீர் குடிக்கலாமா என்பதை ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கல்யாண வீட்டுக் கவுனி அரிசியும் சர்க்கரை பார்த்துத்தான். உப்புக்கண்டத்தில் உப்பு எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி இரண்டாவது நொதிக்கு வருகிறேன். கடைக்காரனாகிய எனக்கு ராத்திரி தூக்கம் கெடுவது இதனால்தான்.

முதல் நொதியை மருந்து பிடிக்கிறது. இந்த இரண்டாவது நொதியோ மருந்தையே பிடிக்கிறது. குடலிலும் கல்லீரலிலும் இருக்கிறது, சிப்-3ஏ4 என்பார்கள். விழுங்கிய டாக்ரோலிமஸில் பெரும்பகுதியை ரத்தத்துக்குப் போகும் முன்பே உடைத்துவிடும். அதன் தங்கை சிப்-3ஏ5 சிலருக்குச் சுறுசுறுப்பாக இருக்கும், பலருக்கு இருக்காது. பிறவியில் வருவது. ஒரே நாளில் ஆபரேஷன் ஆன இருவரில் ஒருவருக்கு 2 மில்லிகிராம் போதும், இன்னொருவருக்கு 6 வேண்டும் என்பது இதனால்தான். அடுத்தவர் அளவைப் பார்த்து நம் அளவைச் சந்தேகப்பட வேண்டாம். அளவு என்பது வாயில் போடுவது இல்லை, ரத்தத்தில் நிற்பது. பல மையங்களில் முதல் சில மாதங்கள் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 8 முதல் 12 நானோகிராம் வரை வைத்திருந்து, பிறகு மெல்லக் குறைக்கிறார்கள். உங்களுக்கு உரிய எண்ணை உங்கள் டாக்டரிடம் கேட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இந்த இரண்டாவது நொதியை அடக்கும் பொருள் எது உள்ளே போனாலும் டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எகிறும். தூண்டிவிடும் பொருள் போனால் சரியும். நம் ஊரில் அடிக்கடி நடப்பது படர்தாமரையில். எதிர்ப்பு அடங்கியிருக்கும் உடம்பில் பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும். அரிப்பு தாங்காமல் அக்கம்பக்கத்தில் கேட்டு, "இட்ரகொனசோல் ஒரு அட்டை கொடுங்க அண்ணே" என்று வருவார்கள். வேறு எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் கொடுத்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் டாக்ரோ லெவல் இரண்டு மூன்று மடங்கு ஏறி, எந்தச் சிறுநீரகத்தைக் காக்கச் சாப்பிடுகிறோமோ அதையே அது கெடுத்துவிடும். கேட்டுத் தெரிந்து, கொடுக்க மறுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மனத்தாங்கலோடு போனவர்கள் உண்டு. இன்றைக்கும் அதையேதான் செய்வேன். ஃப்ளூகொனசோல், வோரிகொனசோல், ஆன்டிபயாட்டிக்கில் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் எல்லாம் இதே ரகம். இவற்றைக் கொடுக்கவே கூடாது என்பதில்லை. டாக்ரோ அளவைக் குறைத்து, லெவலைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அதைக் கிட்னி டாக்டரால்தான் செய்ய முடியும்.

எதிர்ப்பக்கம் காசநோய் மருந்து. ரிஃபாம்பிசின் அந்த நொதியைக் கிளப்பிவிட்டு டாக்ரோவை அடிமட்டத்துக்கு இழுத்துவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமசெபின் மாத்திரைகளும் அப்படியே. காசநோய் வந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது, ஆனால் முதல் மாத்திரைக்கு முன்னாலேயே மாற்று செய்த மையத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.

இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. டில்டியாசெம் என்ற பிரஷர் மாத்திரையும் அந்த நொதியைக் கொஞ்சம் அடக்கும். அதை வேண்டுமென்றே சேர்த்துக் கொடுத்து டாக்ரோ அளவையும் செலவையும் குறைக்கும் டாக்டர்கள் நம் நாட்டில் நிறைய. பிரஷர் சரியாகிவிட்டதே என்று அதை நீங்களாக நிறுத்தினால் டாக்ரோ லெவல் கீழே போய்விடும். சீட்டில் இருக்கும் எந்த மாத்திரையும் தனியாக நிற்கவில்லை. ஒன்றை உருவினால் இன்னொன்று ஆடும்.

பம்பளிமாஸ் பழமும் அதன் உறவான கிரேப் ஃப்ரூட்டும் குடலில் உள்ள அந்த நொதியை முடக்குகின்றன. ஒருநாள் சாப்பிட்டது மறுநாளும் வேலை செய்யும். ஆசைக்குக்கூட வேண்டாம். சாத்துக்குடி, சாதாரண ஆரஞ்சு சாப்பிடலாம். மிளகைப் பற்றிக் கேட்காத செட்டிநாட்டு வீடு இல்லை. மிளகில் உள்ள பிப்பரின் இந்த நொதியைத் தடுப்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். மஞ்சள்தூளை ஒரு நாளைக்குப் பதினைந்து ஸ்பூனோ அதற்கு மேலோ சாப்பிட்ட ஓர் ஈரல் மாற்று நோயாளிக்கு டாக்ரோ லெவல் ஏறிச் சிறுநீரகம் பழுதானதாக அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்காகக் குழம்பில் மிளகு போடாமல் இருக்க வேண்டாம். வீட்டுச் சமையலில் எப்போதும் போடும் அளவு எப்போதும்போல இருந்தால் டாக்டர் அதற்குத் தக்கபடிதான் மருந்தளவை நிறுத்தியிருப்பார். மஞ்சளும் மிளகும் சாறெடுத்து அடைத்து விற்கும் கேப்ஸ்யூல்களைத்தான் தொடக் கூடாது என்கிறேன்.

நிலவேம்புக் குடிநீரையும் சீந்தில் பொடியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு பொட்டலத்தின் மேல் 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று எழுதியிருந்தால் அது உங்களுக்கானது இல்லை. எந்த எதிர்ப்பை அடக்க இத்தனை பாடுபடுகிறோமோ அதையே கூட்டுகிறேன் என்கிறது அது. கொரோனா காலத்தில் சீந்தில் குடித்த பலருக்கு ஈரல் வீங்கியதை நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தும் சேர்ந்து போய்விடும், அதனால் லெவல் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. குடலின் உள்தோல் கெட்டுப்போனால் அங்கிருக்கும் நொதியும் மருந்தைத் திருப்பித் தள்ளும் பம்பும் வேலை செய்யாது. அதனால் டாக்ரோ ரத்தத்தில் ஏறும், உடம்பில் தண்ணீரும் குறைந்திருக்கும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் சொல்லிவிடுங்கள்.

தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் என்று பல நாள் நடை. பரம்பரையாகக் காவடியோடு நடந்த குடும்பத்தில் ஒருவரை வேண்டாம் என்று தடுக்க எனக்கு வாய் வராது. டாக்டர் சம்மதித்தால் போங்கள். ஆனால் வழியில் கால் வலிக்கிறது என்று டிக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எதையும் மாத்திரையாகவோ ஊசியாகவோ ஏற்றிக்கொள்ளாதீர்கள். டாக்ரோ ஏற்கெனவே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுருக்கி வைத்திருக்கிறது. வெயிலில் நீர் வற்றிய உடம்பில் வலி மாத்திரையும் சேர்ந்தால் மூன்றே நாளில் க்ரியாட்டினின் ஏறிவிடும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். தொப்பியோ குடையோ வைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் இந்த மருந்து சாப்பிடுகிறவர்களின் தோலுக்கு வெயில் ஆகாது. விரதம் இருந்தாலும் மாத்திரை நேரம் மாறக் கூடாது.

அம்மை பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால், அந்த வீட்டில் தங்கியிருந்தால், அல்லது போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தால், கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டருக்குத் தெரிவியுங்கள். உங்களுக்கே அம்மையோ அக்கியோ வந்தால் வேப்பிலையோடு வீட்டில் படுத்திருக்கக் கூடாது. மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், அதோடு அன்றே மருத்துவமனைக்கும் போங்கள். மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் இறங்கும் அம்மை, டி செல் அடங்கியிருக்கும் உடம்பில் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் இறங்கக்கூடும். தடுப்பூசிகளிலும் உயிருள்ள கிருமியில் செய்தவை கூடாது. ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசியைப் போட்டுக்கொள்ளலாம்.

பெரும்பாலோருக்கு டாக்ரோவோடு மைகோஃபினோலேட்டும் சேர்த்துக் கொடுப்பார்கள். அது பிடிப்பது வேறொரு நொதியை. டி செல் ஒன்று இரண்டாகப் பெருகப் புதிய டிஎன்ஏ எழுத வேண்டுமே, அதற்கு மூலப்பொருள் செய்யும் நொதி அது. வயிற்றில் வளரும் கருவுக்கு இந்த மருந்து மிகவும் ஆபத்து. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் கர்ப்பமான பிறகு சொல்லக் கூடாது, பல மாதம் முன்னாலேயே சொல்ல வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது. கிட்னி மாற்றிக்கொண்டு நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் நிறைய உண்டு.

வெண்புள்ளிக்கும் கரப்பானுக்கும் தோல் டாக்டர் எழுதிக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் களிம்பைக் கண்டு மேலே சொன்னதெல்லாம் நமக்கும்தானோ என்று பயப்பட வேண்டாம். மருந்து அதேதான், பிடிக்கும் நொதியும் அதேதான். ஆனால் தோலோடு நின்றுவிடுகிறது, ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. டாக்டர் சொன்ன இடத்தில் சொன்ன அளவு தடவுங்கள்.

வாங்கும்போது அட்டையில் எண்ணைப் படியுங்கள். 0.5 என்றும் 5 என்றும் இரண்டும் வருகின்றன. முன்னால் உள்ள பூஜ்யமும் புள்ளியும்தான் வித்தியாசம், அளவோ பத்து மடங்கு. கம்பெனி மாறினாலும் கவனியுங்கள். ஒன்று மட்டமானது என்பதால் இல்லை. ஒரு கம்பெனியின் கேப்ஸ்யூலிலிருந்து மருந்து ரத்தத்தில் சேருவதற்கும் இன்னொன்றிலிருந்து சேருவதற்கும் சிறு வேறுபாடு இருக்கலாம். கையிருப்பு இல்லை என்று கடைக்காரர் வேறு பெயரில் நீட்டினால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். மாறியே ஆக வேண்டும் என்றால் மாறிய பிறகு ஒரு லெவல் பாருங்கள். பத்து நாள் மருந்து மிச்சம் இருக்கும்போதே கடைக்கு வந்துவிடுங்கள், நாங்கள் வரவழைத்துத் தருகிறோம். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடக் கூடாது.

சீட்டோடு வந்தாலும் சரி, தலைவலி மாத்திரைக்கு வந்தாலும் சரி, மருந்துக்கடைக் கல்லாவுக்கு முன்னால் நின்றதும் முதல் வார்த்தையாக "நான் டாக்ரோ சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். பல் டாக்டரிடமும் கண் டாக்டரிடமும் அதையே சொல்லுங்கள். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அவர்கள் சொல்ல மறந்தால் நாம் கேட்போம்.